எண்பதில் வரும் நடுக்கம்

என் வண்டிக்கு இரண்டே இருக்கைகள். அதுவும் தரையோடு தரையாக இருக்கும். அதில் ஏறுவது என்று சொல்ல முடியாது, உள்ளே இறங்குவது என்றுதான் சொல்ல வேண்டும். ஏற்காட்டில் சின்னதாக ஒரு லாட்ஜ் நடத்துகிற, ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்பிள்ளை இப்படிச் சிவப்பாக ஒரு ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்து நிறுத்தினால் ஊர் சும்மா இருக்குமா? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோவில் வாசலில் நிற்கும்போது என் காதுபடவே பேசினார்கள். பிள்ளைகள் இரண்டும் பெங்களூருக்கு வேலைக்குப் போயாச்சு, வீட்டில் மிச்சம் இருப்பது நானும் அவரும், பின் சீட்டில் யாரை உட்காரவைக்க என்று நானும் அவர்கள் காதுபடவே கேட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

புது வண்டி இல்லை. கோயமுத்தூரில் ஒருவர் ஆசை ஆசையாக வைத்திருந்து, இடுப்புவலி வந்து, குனிந்து உட்கார முடியாமல் விற்றது. சின்ன வயதில் இருந்தே எனக்கு வேகமான வண்டி என்றால் உயிர். அந்த ஆசைக்குக் காரணம் கேட்டால் என்னிடம் இல்லை. சிலருக்கு நகை, சிலருக்குப் பட்டுப்புடவை.

மலையில் இருக்கிறவர்களுக்கு வேகம் என்றால் நாற்பதுதான். வளைவுக்கு வளைவு பிரேக், எதிரே பஸ் வந்தால் ஓரம் கட்டு, பனி இறங்கினால் விளக்கைப் போட்டு ஊர்ந்து போ. வண்டியில் கோளாறு இருந்தாலும் மலைமேல் இருக்கிறவரை பாதிதான் தெரியும். அடிவாரம் இறங்கி, கோரிமேடு தாண்டி, ஓமலூர்ப் பக்கம் போகிற நாலு வழிச் சாலையைப் பிடித்தால்தான் அது வாயைத் திறக்கும். லாட்ஜுக்குச் சாமான் வாங்குகிற சாக்கில் நான் அவ்வப்போது அந்தச் சாலைக்குப் போய்வருவேன். சாமானுக்குத்தான் ஜீப் இருக்கிறதே என்பார் வீட்டுக்காரர். இருக்கிறது. இந்த வண்டியின் டிக்கியில் ஒரு மூட்டை வெங்காயம் வைத்தால் மூடாது என்பதும் உண்மை. ஆனாலும் இதில்தான் போவேன்.

ஆயுத பூசை முடிந்த கையோடு ஒருநாள் அப்படி இறங்கினேன். லாட்ஜில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் சேலத்துக்காரர்கள். ஆயுத பூசைக்கு அவர்கள் கிரைண்டர், தண்ணீர் மோட்டார், ஜெனரேட்டர் என்று ஓடுகிற எதையும் விடமாட்டார்கள். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், பொரிகடலை. நாங்கள் வேதக்காரர்கள், ஆனால் பொரிகடலைக்கு ஏது வேதம்? அந்த வருடம் என் வண்டியையும் கழுவித் துடைத்து, மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். பூசை போட்ட வண்டி ஜோராக ஓடும் என்று நினைத்துக்கொண்டே நாலு வழிச் சாலையில் ஏறினேன்.

எழுபது வரை ஒன்றும் இல்லை. எண்பதைத் தொட்டதும் ஸ்டீயரிங் நடுங்க ஆரம்பித்தது. தொண்ணூறில் மணிக்கட்டு வரை ஏறியது. அதோடு எங்கிருந்தோ ஒரு ரீங்காரம், டப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்டதுபோல. வேகத்தைக் குறைத்தேன், நடுக்கம் நின்றது. மறுபடி எண்பது, மறுபடி நடுக்கம். அப்போதுதான் என் வலது கையைப் பார்த்தேன். ஸ்டீயரிங் என் கையை ஆட்டுகிறதா, என் கை ஸ்டீயரிங்கை ஆட்டுகிறதா என்று ஒரு சந்தேகம் வந்தது. வந்த சந்தேகம் பிறகு போகவே இல்லை.

சந்தேகத்துக்குக் காரணம் என் அப்பா. எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டராக இருந்தவர். அவருக்கு நடுக்குவாதம் வந்து, படுக்கையில் கிடந்துதான் போனார். ஆரம்பம் வலது கையில். கோவிலில் கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். கட்டைவிரல் மட்டும் ஆள்காட்டி விரலை உருட்டிக்கொண்டே இருக்கும். மணி இல்லாமலே ஜெபமாலை சொல்கிறார், என்ன பக்தி என்று ஊரே பேசிக்கொண்டது. பங்குச் சாமியார் பிரசங்கத்திலேயே அவரை உதாரணம் காட்டினார். நாங்களும் பெருமைப்பட்டோம். பெருமைப்பட்டுக்கொண்டே டாக்டரிடம் போகாமல் விட்டுவிட்டோம்.

அவருக்கு அது ஆரம்பித்த வயதில் இப்போது நான் இருக்கிறேன். நடுக்கம் வண்டியுடையது என்றால் ஒரு மெக்கானிக் போதும். என்னுடையது என்றால் முதலில் இந்தச் சாவியை ஆணியில் மாட்டிவிட வேண்டும். அப்புறம் காப்பி டம்ளர், அப்புறம் ரவிக்கை ஊக்கு, அப்புறம் பேனா. அந்த வரிசை எனக்கு மனப்பாடம். அப்பாவுக்கு ஊட்டிவிட்டவள் நான்தான்.

வீட்டுக்காரரிடம் வண்டி ஆடுகிறது என்று மட்டும் சொன்னேன். அவர் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். அப்படி ஒன்றும் தெரியவில்லை, தண்ணீர் மாதிரி போகிறது என்றார். எவ்வளவு வேகம் போனீர்கள் என்று கேட்டேன். அறுபது என்றார். கல்யாணமான நாளில் இருந்து அவர் அறுபதைத் தாண்டி நான் பார்த்ததில்லை. அந்த அறுபதிலும் ஓரத்தில் போகிற மொபெட்டுக்கு வழி விடுவார். நடுக்கம் எண்பதில் அல்லவா வருகிறது? எண்பதில் ஓட்டுகிறவள் இந்த வீட்டில் நான் ஒருத்திதான். அதை உணர்கிறவளும் நான் ஒருத்திதான்.

ஒண்டிக்கடைப் பக்கம் ஒரு பட்டறை இருக்கிறது. ஜீப்பும் சுற்றுலா வேனும் பார்க்கிற மெக்கானிக். என் வண்டியைப் பார்த்தால் மட்டும் கையைக் கழுவிவிட்டு வருவார். விஷயத்தைச் சொன்னதும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, கரடியூர் ரோட்டில் ஓட்டச் சொன்னார். போகிற வழியெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு காதைக் கதவில் வைத்திருந்தார். நான் வாயைத் திறந்தால் கையைக் காட்டி அடக்கினார். வலப்பக்கம் வளைந்தால் ரீங்காரம் கூடியது, இடப்பக்கம் வளைந்தால் அடங்கியது. எனக்கு அது தெரிந்தே இருக்கவில்லை. நான் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன், காது எங்கே கேட்கும்?

பட்டறைக்குத் திரும்பி முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினார். வலப்பக்கம் வளையும்போது பாரம் இடது சக்கரத்தின் மேல் சாய்கிறது, அதனால் இடது முன் சக்கரத்து பேரிங்தான் கத்துகிறது என்றார். நம்பிக்கை இல்லாவிட்டால் சுருள் ஸ்பிரிங்கின்மேல் கையை வைத்துப் பாருங்கள் என்று சக்கரத்தைச் சுற்றிவிட்டார். நான் இடது கையை வைத்தேன். வலது கையை வைக்க மனம் வரவில்லை. அரிசியில் கல் அரைபடுகிறமாதிரி ஒரு நறநறப்பு விரலுக்கு வந்தது. நல்ல சக்கரத்தையும் சுற்றிக் காட்டினார். அதில் ஒன்றுமே இல்லை. எனக்கு அவரைக் கும்பிடலாம்போல் இருந்தது.

அப்போ ஸ்டீயரிங் ஆடுவதும் இதனால்தானே என்று கேட்டேன். ஆமாம் என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது. அந்த மனிதர் சொல்லவில்லை.

“சத்தம் பேரிங்குங்க்கா. ஆட்டம் இதுலதான் வருதுன்னு என்னால சொல்ல முடியாதுங்க. ரெண்டும் ஒண்ணா வந்துச்சுன்னா ரெண்டுக்கும் ஒரே காரணமுன்னு இல்லீங்க்கா.”

பேரிங் கோயமுத்தூரில் இருந்து பஸ் பார்சலில் வந்தது. மாட்டியதும் ரீங்காரம் சுத்தமாக நின்றுபோயிற்று. அன்றே தனியாக இறங்கினேன். வெள்ளக்கடையில் இருந்து வேலைக்கு வருகிறவர்களின் பைக் வரிசை எதிரே ஏறிக்கொண்டிருந்தது. ஒவ்வொருவரும் இரண்டு கையாலும் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு சாதாரணமாகப் போகிறார்கள் என்று பொறாமையாக இருந்தது. நாலு வழிச் சாலையில் எண்பது. ஸ்டீயரிங் நடுங்கியது. சத்தம் போய்விட்டதால் நடுக்கம் முன்பைவிடத் தெளிவாகத் தெரிந்தது. சாலையோரம் நிறுத்திவிட்டு மாதாவே மாதாவே என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்போதும் ஸ்டீயரிங்கை விடாமல் இறுகப் பிடித்திருந்தேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படிச் சொல்வது? நான் கையைச் சும்மா விடவே இல்லை. நீட்டிப் பார்த்தால் நடுங்கவில்லை. செய்தித்தாளை விரல்மேல் விரித்துப் பார்த்தேன், அசையவில்லை. ஊசியில் நூல் ஒரே தடவையில் கோத்தேன். ஆனால் அப்பாவின் கையும் வேலை செய்யும்போது நன்றாகத்தான் இருந்தது. மடியில் கிடக்கும்போதுதான் உருட்டும். அந்தப் பரீட்சையை மட்டும் நான் எழுதத் தயாராக இல்லை. அதனால் கைக்கு ஓயாமல் வேலை கொடுத்தேன். லாட்ஜ் சமையலுக்கு வேண்டிய பூண்டை எல்லாம் நானே உரித்தேன். மடித்த துண்டுகளைப் பிரித்து மறுபடி மடித்தேன். டி.வி. பார்க்கும்போது புடவை முந்தானையை முறுக்கினேன். உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. சமையற்காரம்மா, ஏனுங்க உங்களுக்குக் காலுல சக்கரமா என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். யாரோ என்னை முடுக்கிவிட்ட மாதிரி இருந்தது.

மெக்கானிக் ஒரு வழி சொல்லியிருந்தார். சக்கரத்தின் பாரம் எல்லாப் பக்கமும் சமமாக இருக்கிறதா என்று பார்க்கிற பேலன்ஸ் மிஷின் மலைமேல் இல்லை, சேலத்தில் ஒரு டயர் கடைக்குப் போனால் சக்கரத்தைக் கழற்றிச் சுற்றிப் பார்ப்பார்கள், ஒரு மணி நேரத்து வேலை என்றார். நான் போகவில்லை. இன்று மழை, நாளை லாட்ஜில் கூட்டம் என்று தள்ளிப்போட்டேன். மிஷின் சக்கரத்தில் குறை இல்லை என்று சொல்லிவிட்டால் மிச்சம் இருப்பது நான் மட்டும்தானே? சந்தேகமாக இருக்கிறவரை பாதி பயம்தான். அந்தப் பாதியை முழுசாக்க எனக்கு இஷ்டமில்லை.

ஆச்சரியம் என்னவென்றால், வீட்டுக்காரர் விடவில்லை. வாங்கிய நாள் முதல் இந்த வண்டியை விற்றுவிடு என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதர், கிறிஸ்துமஸ் நெருங்கும் சமயத்தில், திடீரென்று சக்கரத்தைப் பார்க்கலாம் வா என்று காலையும் மாலையும் நச்சரிக்க ஆரம்பித்தார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான், மிஷினில் மாட்டி ஒரு குறையைக் கண்டுபிடித்து அதையே சாக்காக வைத்து விற்கச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். ஒருநாள் காலையில் அவரே சாவியை எடுத்துக்கொண்டு வந்து என் கையில் வைத்துவிட்டுப் போய் வண்டியில் உட்கார்ந்துகொண்டார். அதற்குமேல் மறுக்க வழியில்லை.

டயர் கடையில் இருந்தவரின் முதல் கேள்வியே என்னைத் தூக்கிவாரிப் போட்டது. ஆட்டம் ஸ்டீயரிங்கில் தெரிகிறதா, சீட்டில் தெரிகிறதா என்று கேட்டார். ஸ்டீயரிங்கில் என்றால் முன் சக்கரம், சீட்டில் என்றால் பின் சக்கரமாம். எனக்குக் கையில் தெரிகிறது என்றேன். சொல்லும்போதே வலது கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன். அவர் அதைக் கவனிக்கவில்லை. முன் சக்கரம் இரண்டையும் கழற்றி, ஒன்றை மிஷினில் மாட்டி, மூடியை இறக்கிச் சுற்றவிட்டார்.

அந்தச் சக்கரம் சுற்றும்போது நான் என்ன வேண்டிக்கொண்டேன் தெரியுமா? கெட்டுப்போயிரு, தயவுசெய்து கெட்டுப்போயிரு என்றுதான். சொந்த வண்டியைப் பார்த்து யாரும் இப்படி வேண்டியிருக்கமாட்டார்கள்.

மிஷின் நின்றது. பலகையில் சிவப்பாக எண்கள் வந்தன. கடைக்காரர் குனிந்து, சக்கரத்தின் ஆரங்களுக்கு இடையே தெரிகிற உள்விளிம்பைத் தடவினார். அடுத்த சக்கரத்தையும் புரட்டிப் பார்த்தார். ஒரு பக்கம் பாரம் கூடினால் அதைச் சரிக்கட்ட எதிர்ப்பக்கம் சின்னச் சின்ன ஈயத்துண்டு ஒட்டியிருப்பார்களாம். இரண்டு சக்கரத்திலும் ஒட்டிய தடம் இருக்கிறது, ஈயத்தைக் காணோம். தானாக விழுந்ததுபோலவும் இல்லை, யாரோ சுரண்டியிருக்கிறார்கள், யார் என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் ஒரு அடி முன்னால் வந்தார்.

“அது ஈயமுங்களா? பழைய ஸ்டிக்கர் அழுக்குன்னு நெனச்சு நாந்தானுங்க தோசைக்கரண்டில சொரண்டிப்போட்டேன். ஆயுத பூசைக்குச் சந்தனம் வெக்கற எடம் சுத்தமா இருக்க வேண்டாமுங்களா?”

முன் சக்கரம் இரண்டையும் முடித்திருக்கிறார். பின் சக்கரத்துக்குப் போவதற்குள் மழை வந்துவிட்டதாம். இல்லாவிட்டால் அதையும் சுரண்டியிருப்பார். எங்கள் வீட்டில் கண்ணாடி ஜன்னலில் ஒரு விரல்தடம் இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. சுத்தம் சோறு போடும் என்பார்கள், இந்த மனிதரின் சுத்தம் என் தூக்கத்தைத் தின்றிருக்கிறது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கடை என்றும் பார்க்காமல் பிடிபிடி என்று பிடித்தேன். அவர் தலையைக் குனிந்து வாங்கிக்கொள்வார் என்று பார்த்தால், சிரிக்கிறார். கண்ணில் நீர் வரச் சிரிக்கிறார். ஆமா புள்ள, என் தப்புதான், என் தப்பேதான் என்று என்னிடம் சொல்கிறார், கடைக்காரரிடமும் சொல்கிறார், டயர் உருட்டுகிறவரிடமும் சொல்கிறார். இவருக்கு என்ன பைத்தியமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விரல்நகம் அளவுக்கு ஈயத்துண்டுகள். ஒட்டி, சுற்றி, பார்த்து, மறுபடி ஒட்டினார்கள். எண்கள் எல்லாம் பூஜ்யம் ஆயின. சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்றும் சரிபார்த்தார்கள். புறப்படும்போது கடைக்காரர், காலியாக இருக்கிற நேர் ரோட்டில் ஒரு நொடி ஸ்டீயரிங்கில் இருந்து கையை எடுத்துப் பாருங்கள், எந்தப் பக்கமும் இழுக்காமல் போனால் வேலை சுத்தம் என்றார்.

நாலு வழிச் சாலை வெயிலில் பளிச்சென்று கிடந்தது. எழுபது. எண்பது. மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஒன்றும் இல்லை. தொண்ணூறு. ஸ்டீயரிங் சுவரில் அடித்த ஆணிபோல் நின்றது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இத்தனை நாள் பூண்டு உரித்ததை நினைத்தேன், துண்டு மடித்ததை நினைத்தேன். அப்பாவுக்கு வந்தது எனக்கு வரவில்லை என்று சத்தமாகச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. வேகத்தைக் குறைத்தேன். முன்னாலும் பின்னாலும் வண்டி இல்லை. வீட்டுக்காரர், கையை எடுத்துப் பார் என்றார். எடுத்தேன்.

இரண்டு கையையும் மடியில் வைத்தேன்.

வண்டி நூல் பிடித்ததுபோல் நேராகப் போயிற்று. என் கண் அதில் இல்லை. மடியில் கிடந்த வலது கையின் கட்டைவிரல், நான் சொல்லாமல், ஆள்காட்டி விரலின்மேல் போய்ப் போய் வந்தது. மெதுவாக, ஒரு தாளத்தோடு. நிறுத்து என்று நினைத்தேன். நிற்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தேன், உடனே நின்றது.

ஓரம் கட்டி இன்ஜினை அணைத்தேன். ஏன் நிறுத்தினாய் என்று அவர் கேட்பார், என்ன சொல்வது என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவர் அதைக் கேட்கவில்லை.

“பாத்துட்டியா?” என்றார்.

நான் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பெல்லாம் எங்கேயோ போயிருந்தது. கொஞ்ச நாளைக்கு முன்னால் கோவிலில், பிரசங்கத்தின்போது நான் கண்ணயர்ந்துவிட்டேனாம். அப்போது பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறார், சக்கரத்தைப் பார்க்கலாம் என்ற நச்சரிப்பு அதற்கப்புறம்தான். கண் அசந்து விழிக்கிற நேரத்தில் விரல் உருண்டிருக்கிறது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு பேசினார்.

“வண்டியோட ஆட்டந்தான் உன் கையில தங்கிப்போச்சுன்னு நெனச்சுக்கிட்டேன், புள்ள. டயர் கடைல, நாஞ் சொரண்டுனதுதான் காரணமுன்னு தெரிஞ்சப்ப எனக்கு நொம்ப சந்தோசமாப் போச்சு. வண்டி சரியானா கையும் சரியாயிருமுன்னு இருந்துட்டேன்.”

எனக்கு அவரை அடிக்கவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. அந்த வண்டிக்குள் இரண்டுக்கும் இடம் போதாது. ஒரு லாரி எங்களைக் கடந்து போனது, அதன் காற்றில் வண்டி ஒருமுறை அசைந்து நின்றது. பயமாக இருந்தது. ஆனால் பல வாரமாக அரித்துக்கொண்டிருந்த அந்தச் சந்தேகம் இல்லை. வலது கையை மறுபடி மடியில் வைத்தேன், இந்தத் தடவை அவரும் பார்க்கட்டும் என்று. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவர் தன் கையை அதன்மேல் வைத்தார். அவர் கைக்குக் கீழேயும் அது உருண்டுகொண்டுதான் இருந்தது.

நான் ஓட்டட்டுமா என்று கேட்டார்.

“வேண்டாமுங்க. டாக்டர் ஓட்டாதேன்னு சொல்ற வரைக்கும் நானே ஓட்டறேன். ஊட்டுக்கு அப்பறம் போலாம், இப்ப ஆஸ்பத்திரிக்கே போயிடலாமுங்க.”

அடுத்த திருப்பத்தில் வண்டியைச் சேலம் பக்கம் திருப்பினேன். ஊருக்குள் நுழைகிறவரை எண்பதுக்குக் குறையவே இல்லை. ஸ்டீயரிங் அசையாமல் இருந்தது.